மேற்படி என் பையனுக்கு

ஐம்பத்திரண்டு வயதில், ஏழு வாரம், நான் ஒரு வெள்ளைக்காரத் துரையின் எள்ளுப்பேரன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டு நம்பவில்லை. வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியை மாட்டி, மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிதானமாக நம்பினேன். கொடைக்கானல் குளிரில் மூக்கு நுனி சிவக்காத மனுஷன் கிடையாது. ஏரிக்கரைக் குதிரைகளுக்கே சிவக்கும். ஆனால் என் மூக்கு சிவந்தபோது மட்டும் அது பரம்பரை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். பெயர்கள் எதையும் எழுதப்போவதில்லை. நாகரிகம் என்று நினைக்க வேண்டாம், பயம்தான்.

ஏரிக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. சாக்லேட்டு, தைலம், கம்பளிக் குல்லா. அது பிழைப்பு. சொத்து என்று சொன்னால் வடகவுஞ்சிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பூண்டுக் காடு, படிக்கட்டு மாதிரி ஏழு அடுக்காக இறங்கும். பேரிக்காய்த் தோட்டம் என்று அதற்குப் பெயர். மிச்சம் இருப்பது இரண்டே பேரிக்காய் மரம், அதில் ஒன்று காய்ப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. துரை வைத்த தோட்டம், துரை நமக்குக் கொடுத்த தோட்டம் என்று அப்பா சொல்வார். எதுக்குக் கொடுத்தார் என்று கேட்டால், "கொணமான மனுசன்" என்று சொல்லிவிட்டு வேறு சோலி பார்க்கப் போய்விடுவார்.

அப்பா செத்து மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், பட்டா அப்பா பெயரில் இல்லை. தாத்தா பெயரிலும் இல்லை. தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன், அவர் பெயரிலேயே கிடக்கிறது. நாங்கள் மூன்று தலைமுறையாக ஒரு செத்த மனுஷனின் காட்டில் பூண்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். பக்கத்துக் காட்டை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, கல் ஊன்றிக் கம்பி வேலி இழுக்க ஆரம்பித்த அன்றைக்குத்தான் இது எனக்கு உறைத்தது. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

வத்தலக்குண்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வாழைக்காய்க் கமிஷன் கடைக்கு மேலே மாடி அறை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். எதற்கும் பதறாதவர், பதறுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வரும் போலிருந்தது.

"தாய்ப்பத்திரம் இருக்குங்களா?" என்றார். சொத்து முதன்முதலில் யாரிடமிருந்து வந்தது என்று காட்டுகிற மூலக் காகிதத்துக்கு அப்படி ஒரு பெயர்.

"வீட்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. பாக்கணும்."

"பாருங்க. இல்லாட்டியும் வழி இருக்கு. ஆனா மொதல்ல பாருங்க."

தாயைத் தேடிப் பெட்டியைத் திறந்தேன். அப்பன் கிடைத்தான்.

நாலாக மடித்த முத்திரைத்தாள். துரை இங்கிலீஷில் எழுதிய உயிலை யாரோ ஒரு குமாஸ்தா தமிழில் பெயர்த்து எழுதிய நகல். பழுப்பு மை, புள்ளி வைக்காத எழுத்து. அதை வாசிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பங்களாவும் சாமான்களும் சீமையில் இருக்கிற தங்கைக்கு. குதிரை இன்னாருக்கு. துப்பாக்கி இன்னாருக்கு. கடைசிக்கு முந்தின பத்தியில் இது வந்தது: "இருபது வருஷ காலமாய் என்னை விட்டுப் பிரியாமல் என் கூடவே இருந்து வருகிற என் பையனாகிய" என்று ஆரம்பித்து, பெயர் வர வேண்டிய இடத்தில் மடிப்பு பொடிந்து ஓட்டையாக இருந்தது. ஓட்டைக்கு அப்புறம் ஒரே ஒரு எழுத்து தப்பியிருந்தது: ன. புள்ளி வைத்தால் ன். அதற்குப் பின், "மேற்படி என் பையனுக்கு, பேரிக்காய்த் தோட்டத்தையும் ஊற்றடியில் இருக்கிற காவல் குடிசையையும், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ளும்படி" என்று இருந்தது.

என் பூட்டன் பெயரும் ன்-இல்தான் முடியும். தமிழ்நாட்டில் பாதி ஆம்பளைகள் பெயர் ன்-இல் முடியும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றவில்லை. என் பையன் என்றால் என் மகன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இருபது வருஷம் கூடவே இருந்தானாம், பெற்ற பிள்ளை இல்லாமல் வேறு யார் இருப்பான்? எதுக்குக் கொடுத்தார் என்று கேட்டபோதெல்லாம் அப்பா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதும் விளங்கிவிட்டது. வெட்கம். மலையில் தனியாக இருந்த துரை, எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி, மிச்சத்தை நானே கட்டிக்கொண்டேன். நன்றாகவே கட்டினேன். அதில் மழை கூடப் பெய்தது.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"வெள்ளக்காரன் ரத்தமா? அப்ப ஏன் நீங்க இந்த நெறத்துல இருக்கீங்க?"

"நாலு தலைமொற ஆச்சுல்ல. வெயில்."

"கொடைக்கானல்ல."

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் துரை. "துரை, சிலிண்டர் வந்துருக்கு, தூக்கி உள்ள வைங்க." "துரைக்கு ரெண்டு இட்லி போதுமா, இல்ல முள்ளுக்கரண்டி வேணுமா?" நான் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிற டூரிஸ்டுகளிடம், தைலப் புட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, எங்க மூதாதை ஒரு துரை, இந்த மலைக்கு மொதமொத பேரிக்காய் கொண்டுவந்தவர் என்று சொல்ல ஆரம்பித்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இப்போது எங்கேயோ ஒரு வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் நான் ஆங்கிலோ-இந்தியன்.

வக்கீலுக்குப் போன் போட்டுச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் இடறியது.

"மனுவுல அப்படி எழுதிறாதீங்க," என்றார். "வெள்ளக்காரன் வாரிசுன்னா நீங்க ஃபாரினர். விவசாய நெலம் வச்சிருக்க அனுமதி எங்கேன்னு கேட்டாலும் கேப்பான்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. பீரோவைத் திறந்து ஆதார் கார்டை எடுத்துப் பார்த்தேன். இந்தியன் என்று அதில் எங்கேயும் போடவில்லை. போட்டோவிலும் நான் எந்த நாட்டுக்காரன் மாதிரியும் இல்லை. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பத்தாம் வகுப்பு மார்க் சீட்டு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனுக்குப் பரம்பரையும் வேண்டும், அதனால் எந்தத் தொந்தரவும் வரக்கூடாது. என் மனைவி உள்ளே வந்து பார்த்துவிட்டு, "துரை சீமைக்குக் கெளம்பிட்டாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அசல் உயிலின் பதிவு நகல் கீழே சமவெளியில், பழைய பத்திரப் பதிவு ஆபீஸ் ஒன்றில் இருக்கும், உயில்களுக்கென்றே தனிப் புத்தகம் உண்டு, மனுப் போட்டால் தேடிக் கொடுப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். போவதற்கு முன்னால் காட்டுக்கு ஒருதரம் போய்வந்தேன். பூண்டு பிடுங்கியாகி, கட்டுக் கட்டாக முடிந்து தொங்கவிடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது.

எங்கள் காட்டைப் பார்த்துக்கொள்கிற அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அறுபதை ஒட்டிய வயது. புருஷன் இல்லை, ஒரே மகளைப் பெரும்பாறையில் காப்பித் தோட்ட வேலையில் இருப்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். இவருடைய அப்பாவும் எங்கள் காட்டில்தான் வேலை பார்த்தார், அவருடைய அப்பாவும். அவர்கள் ஆட்களின் வீடுகள் எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். இவர் வீடு ஒன்று மட்டும் எங்கள் காட்டின் கடைசி அடுக்கில், ஊற்றை ஒட்டி இருந்தது. காட்டுமாடு வந்தால் விரட்ட ஆள் வேண்டும் என்று எங்கள் குடும்பம் 'இருக்கவிட்ட' வீடு. அப்படித்தான் சொல்வோம். நான் அவரை அக்கா என்பேன், ஆனால் நீ, வா, போ. அவர் என்னை மொதலாளி, நீங்க, வாங்க என்பார். இரண்டு பேருக்கும் இது வித்தியாசமாகப் பட்டதில்லை.

"மொதலாளி, ஆபீஸ் ஆபீஸாப் போறீகளாமே," என்றார், கை பூண்டு முடிந்துகொண்டே இருக்க.

"ஆமாக்கா. எங்க பரம்பரையத் தேடிட்டு இருக்கேன்."

"தொலைஞ்சு போச்சா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்கா. நாங்க துரை வம்சம்."

அவர் முடிச்சை இறுக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் வேல செய்ய வளைய மாட்டேங்குது ஒடம்பு," என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு ஒதவி மொதலாளி. சர்க்காருல வீடு கட்டித் தர்றாங்கள்ல, அதுக்கு எழுதிப் போட்டேன். எடத்துக்கு ஏதாச்சும் ஒரு காகிதம் கொண்டாம்மாங்கறாங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து இங்கனதான் கெடக்கோம்னு சொன்னா, அது வாய் வார்த்த, காகிதம் எங்கங்கறாங்க. நீங்கதான் பழைய புஸ்தகமெல்லாம் பொரட்டுறீகளே. எங்க பேருலயும் எங்கயாச்சும் ஒரு வரி இருக்கான்னு பாருங்க. ஊத்துப் பக்கச் சொவரு சாஞ்சுக்கிட்டு வருது. இந்த மழைக்கு நிக்குமோ என்னமோ."

"பாக்குறேன்கா," என்றேன். சும்மா சொல்லவில்லை. மனதார, பெருந்தன்மையாகச் சொன்னேன். துரை வம்சத்துக்குப் பெருந்தன்மை இல்லாமல் இருக்குமா?

வெள்ளனே எழுந்து முதல் பஸ் பிடித்து இறங்கினேன். ஸ்வெட்டர் போட்டு, தலையைப் பக்கவாட்டில் வகிடு எடுத்துச் சீவியிருந்தேன். சமவெளி வெயிலில் வத்தலக்குண்டு தாண்டும்போதே ஸ்வெட்டர் நனைந்துவிட்டது, கழற்ற மனம் வரவில்லை.

பதிவு ஆபீஸில் பழைய புத்தகங்களைத் தேடிக் கொடுப்பவர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி, அதற்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி. என் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"யார் எழுதின உயிலு?"

"துரை எழுதினது."

"நீங்க அவருக்கு என்ன ஆகணும்?"

"எள்ளுப்பேரன்."

அந்த அம்மா பேனாவை மேஜை மேல் வைத்தார். என் ஸ்வெட்டரைப் பார்த்தார், வகிட்டைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "உறவுங்கற எடத்துல இப்போதைக்கு ஒரு கோடு போட்ருவோம்," என்றார்.

மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து அந்த அம்மா கூப்பிட்டார். தலையணை பருமனில் ஒரு புத்தகம், சாய்ந்து சாய்ந்து ஓடுகிற இங்கிலீஷ் கையெழுத்து. பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி வாசித்துக்கொண்டே வந்தார். பங்களா, குதிரை, துப்பாக்கி. எனக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், ஆனாலும் மேஜை மேல் குனிந்துகொண்டேன்.

"டு மை பாய்னு வருது இங்க."

"அதாம்மா. பையன். மகன்."

"மகன்னா 'சன்'னு எழுதியிருப்பாரு."

"செல்லமா எழுதியிருக்கலாம்ல?"

அவர் நிமிர்ந்தார். "நீங்க எந்த ஊரு சொன்னீங்க?"

"கொடைக்கானல்."

"கொடைக்கானல்ல இருந்துக்கிட்டா கேக்குறீங்க? உங்க ஊரு லாட்ஜுல ரூம் பாய்க்கு என்ன வயசு இருக்கும்?"

என் கடைக்கு எதிர் லாட்ஜில் இருக்கிற ரூம் பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு பேத்திகள். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் தினமும் கேட்கிறேன், தினமும் சொல்கிறேன். ஏய் ரூம் பாய், அந்தப் பெட்டிய எடு.

"துரைமாருக்கு வேலைக்கு இருக்கறவங்க எல்லாம் பாய்தான்," என்றார் அந்த அம்மா, இரக்கத்தோடு. "அறுவது வயசு ஆனாலும் பாய்தான். தமிழ்ல எழுதின ஆளு பையன்னு எழுதிட்டாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல. சரியாத்தான் எழுதியிருக்காரு."

ஆக, சீமை போயிற்று. மூக்கு மறுபடி சாதாரண மூக்காயிற்று. வலித்ததா என்றால் வலித்தது, ஆனால் கூடவே ஒரு நிம்மதி. ஃபாரினர் இல்லை, நிலம் போகாது. துரை மகன் இல்லாவிட்டால் துரையின் வேலையாள், அவ்வளவுதானே. உண்மையாக உழைத்தவனுக்கு எஜமான் மனதாரக் கொடுத்த நிலம். வெள்ளை ரத்தத்தைவிட இது கௌரவமான கதை என்று, அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து மேஜை வரைக்கும் வருவதற்குள், எனக்கு நானே சொல்லி முடித்துவிட்டேன். வேகமாக ஆறுதல் அடைவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

"பேரு என்னன்னு போட்டிருக்கு, சொல்லுங்கம்மா," என்றேன். என் பூட்டன் பெயரை அந்த வாயால் கேட்க ஆசை.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பெயரையும், அவன் தகப்பன் பெயரையும். பெயர் ன்-இல்தான் முடிந்தது. என் பூட்டன் பெயர் இல்லை.

"இன்னொருதரம் பாருங்க."

இன்னொருதரம் வாசித்தார். அதே பெயர்.

"எங்க பூட்டன் பேரு இதுல எங்கயும் வரலியா?" என்று பெயரைச் சொன்னேன்.

பூதக்கண்ணாடி கீழே இறங்கியது. "வருதே. சாட்சி நம்பர் ரெண்டு. கையெழுத்துப் போடத் தெரியாதாட்டம் இருக்கு. இன்னார் கீறல்னு போட்டு எழுதியிருக்கு."

உயிலில் எழுதியிருந்த அந்தப் பெயர் எனக்குத் தெரியும். சின்ன வயதில் வாரம் தவறாமல் கேட்ட பெயர். மேல் அடுக்கில் நின்றுகொண்டு என் அப்பா கூப்பிடுவார், முன்னால் ஒரு ஏலே சேர்த்து. நரைத்த தலையோடு ஒரு ஆள் கீழ் அடுக்கிலிருந்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறி வருவார். என் அப்பாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும், வந்தவருக்கு அதைவிட எத்தனையோ வயது அதிகம். நானும், ஏழு வயதில், அப்பா செய்வதைப் பார்த்து அவரை ஒருதரம் அப்படிக் கூப்பிட்டேன். அதற்கும் ஏறி வந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. அவர்தான் அந்த அக்காவின் அப்பா.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாமே என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருப்பேனா? ஆனால் அது ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சாமியின் பெயர். எங்கள் பக்கத்தில் யாரும் வைக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், எல்லா வீட்டிலும் போல. அக்காவின் அப்பாவுக்கு அந்தப் பெயர். செத்துப்போன அண்ணனுக்கு, உயிலில் தகப்பன் பெயராக எழுதியிருந்த அதே பெயர். இரண்டு பெயரும் மாறி மாறித் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. ஊற்றடியில் இருந்த காவல் குடிசையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் பெட்டியில் அந்த வம்சத்தின் காகிதமும், எங்கள் காட்டில் அந்த வம்சத்தின் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். பத்திரமாக வைத்திருங்கள் என்று யாரோ நம்பிக் கொடுத்திருக்க வேண்டும். சாட்சி போட்டவரிடம்தானே கொடுப்பார்கள். பத்திரமாகத்தான் வைத்திருந்தோம்.

துரையின் எள்ளுப்பேரன், வேலைக்காரனின் கொள்ளுப்பேரன், அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். திரும்பும் பஸ்ஸில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் யாரோ வாந்தி எடுத்தார்கள். எனக்கும் வந்தது, அது வளைவினால் என்று வைத்துக்கொண்டேன்.

காடு எப்படி எங்கள் பெயருக்கு வந்தது என்பதை வக்கீல் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. துரை செத்து, சில வருஷம் கழித்து, சர்க்கார் ஆட்கள் மலைக்கு வந்து சங்கிலி பிடித்து அளந்து, எந்த நிலம் யார் அனுபோகம் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். செட்டில்மெண்ட் என்று அதற்குப் பெயர். பேரிக்காய்த் தோட்டத்துக்கு நேரே என் பூட்டன் பெயர். கிரயப் பத்திரம் இல்லை, தானப் பத்திரம் இல்லை, நடுவில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறார், எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் 'பையன்' எந்த அடுக்கில் நின்றுகொண்டிருந்தார், யாராவது அவரைக் கூப்பிட்டார்களா என்பதெல்லாம் பதிவேட்டில் வராது.

"ஒருவேள வாய்ப் பேச்சா வாங்கியிருப்பாரோ?" என்று வக்கீலைக் கேட்டேன். கீழே வாழைத்தார் இறக்குகிற சத்தம்.

"இருக்கலாம்."

"நீங்க நம்புறீங்களா?"

"நான் எதுக்குங்க நம்பணும்? செட்டில்மெண்டுல உங்க பூட்டன் பேரு இருக்கு. அதுக்கப்புறம் உங்க அனுபோகந்தான். அவங்க இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் கேஸ் நிக்காது. இந்த உயிலே உங்களுக்குத் தேவையில்ல. வாரிசுச் சான்றிதழ், எறப்புச் சான்றிதழ் கொண்டாங்க. பேர் மாத்திரலாம்."

"அந்த அக்கா வீடு இருக்கற எடத்த மட்டுமாவது அது பேருக்கு எழுதிக் குடுத்துரலாமா? வீட்டுக்கு மனுப் போட்டிருக்கு. ஒரு காகிதம் இல்லாம நிக்குது."

"தாராளமா எழுதலாம். பட்டா உங்க பேருக்கு வரட்டும், உட்பிரிவு பண்ணி, தானமா எழுதிருவோம்."

தானம். அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகச் சொன்னார். சட்டத்தில் அதற்கு வேறு சொல் கிடையாது. அக்காவின் பூட்டனுக்கு எழுதிய ஒன்றரை ஏக்கரில் இரண்டு சென்ட்டை நான் அக்காவுக்குத் தானம் செய்ய வேண்டும். அவர் கையெடுத்துக் கும்பிடுவார். மகராசனா இருங்க என்பார். அதை எப்படி நின்று வாங்கிக்கொள்வது என்று பஸ் ஏறி வீடு வரும்வரை யோசித்தேன். கடைசியில், அவர் எனக்கு நன்றி சொல்கிற பாவத்தை என்னால் சுமக்க முடியாது, அதனால் எழுதாமல் இருப்பதுதான் நேர்மை என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். எவ்வளவு அழகான சாக்கு பாருங்கள். இதுபோல ஒன்றை என் பூட்டனும் வைத்திருந்திருப்பார், அவருக்கு எழுதத் தெரியாததால் நமக்குக் கிடைக்கவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இந்தத் தடவை துரை என்று கூப்பிடவில்லை.

"சொல்லிருங்க," என்றாள் முதலில். அடுப்பைத் துடைத்து முடித்துவிட்டு வந்து, "சொன்னா என்ன ஆகும்?" என்றாள். நான் வக்கீல் சொன்னதைச் சொன்னேன், கேஸ் நிக்காது என்று. "அப்ப சொல்லி அதுக்கும் பிரயோசனம் இல்ல, நமக்கும் நிம்மதி இல்ல," என்றாள். துடைத்த துணியை உதறிக் காயப்போட்டாள். "அந்த ரெண்டு சென்ட்டயாவது எழுதிக் குடுத்துருங்க. வெரசா செய்ங்க. ஆறப்போட்டா நீங்க செய்ய மாட்டீங்க."

அவளுக்கு என்னைத் தெரியும்.

அடுத்த வாரம் காட்டுக்குப் போனேன். அக்கா கடைசி அடுக்கில் நடவுக்கு மண் கொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"போய்ட்டு வந்துட்டீகளா மொதலாளி? துரை என்ன சொன்னாரு?"

"துரையும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. தப்பாப் படிச்சுட்டேன். பையன்னா வேலைக்காரனாம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இம்புட்டுத்தானா. நாங்க நெனச்சோம், மொதலாளி இனிமே தமிழ்ல பேச மாட்டாருன்னு." சிரிப்பு அடங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார். "எங்க பேருல ஏதாச்சும் இருந்துச்சா?"

நகல் என் பையில் இருந்தது. பதிவு ஆபீஸ் முத்திரையோடு, அவருடைய பூட்டன் பெயரோடு. பையின் ஜிப்பில் கை வைத்திருந்தேன். அவருக்குப் பின்னால் ஊற்றுப் பக்கத்துச் சுவர், முட்டுக் கொடுத்த இரண்டு தைலமரக் கழிகள்.

"இல்லக்கா," என்றேன். "நல்லாத் தேடிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"சரி, இருந்தாத்தான இருக்கும்," என்றார். "இம்புட்டுத் தூரம் எங்களுக்காகவும் பாத்தீகளே, அதுவே பெருசு."

பிறகு ஒரு கூடை பேரிக்காய் எடுத்துப் போகச் சொன்னார். எடுத்துக்கொண்டு வந்தேன்.

பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. உட்பிரிவுக்கு நான் இன்னும் மனுப் போடவில்லை. அக்காவின் வீட்டு மனு, இடத்துக்கு ஆவணம் இல்லை என்று திரும்பி வந்தது. ஐப்பசி மழையில் சுவர் விழுந்தது. அவர் அப்போது காட்டில் நின்றதால் அடிபடவில்லை. துணிமணிகளையும் பாத்திரங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு பெரும்பாறையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஜீப்பில் ஏற்றிவிட்டது நான்தான்.